மூடி உடையாத வானம்

என் கொழுந்தனுக்கு அந்தப் படம் பிடித்துப்போனது அதன் நிறங்களால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், மேசைமேல் திறந்து கிடந்த என் மடிக்கணினியைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க அண்ணி, இதென்னங்க ஈசிஜி மாதிரி இருக்குது?" என்றான்.

"வானத்துக்கு எடுத்த ஈசிஜின்னு வெச்சுக்கங்க தம்பி," என்றேன். கையில் குழம்புச் சட்டி இருந்தது. யோசித்துச் சொன்னதல்ல. அடுத்த வாரமே அந்த வரி அவனுடைய சேனலின் முகப்பில் மஞ்சள் எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

காற்றாலைகளுக்குக் கணிப்புச் சொல்லும் ஒரு நிறுவனத்தில் நான் வேலை பார்க்கிறேன். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாடிகள் நாளைக்கு எந்த நேரத்தில் எவ்வளவு சுற்றும் என்று முந்தின நாளே சொல்லவேண்டும். அதற்காகக் காலையில் நான் முதலில் திறப்பது அந்தப் படத்தைத்தான். பெரிய பலூன் ஒன்றில் சின்னப் பெட்டியைக் கட்டி மேலே விடுவார்கள். அது ஏற ஏற, அந்தந்த உயரத்தின் அழுத்தம், சூடு, ஈரம், காற்று எல்லாவற்றையும் கீழே அனுப்பும். அந்தத் தகவலைக் கோடுகளாக வரைந்ததுதான் படம். எங்களுக்குக் கிடைப்பது கொச்சியில் விடும் பலூன். மலைக்கு அந்தப் பக்கத்துக் காற்று வேறு, இந்தப் பக்கத்துக் காற்று வேறு. அதனால் கோவைக்கென்று கணினி கணக்கிட்டு வரையும் படத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒத்துப் பார்த்துத்தான் எதையும் சொல்வேன்.

படிப்பது கஷ்டமில்லை. படத்தின் அடிவிளிம்பு தரை. மேலே போகப் போக உயரம். சிவப்புக் கோடு அந்த உயரத்தில் எவ்வளவு சூடு என்பதைக் காட்டும். பச்சைக் கோடு, காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளியாகும் என்பதைக் காட்டும். இரண்டும் ஒட்டி ஓடினால் அங்கே ஈரம் நிறைய, மேகம் இருக்கலாம். விலகி நின்றால் காய்ந்த காற்று. மூன்றாவதாக ஒரு புள்ளிக்கோடு உண்டு. தரைக் காற்றில் ஒரு கைப்பிடி எடுத்து மேலே தூக்கினால் அது எப்படிக் குளிர்ந்துகொண்டு போகும் என்பதை அது காட்டும். தூக்கிய காற்று சுற்றியிருப்பதைவிடச் சூடாக இருந்தால், பிறகு யாரும் தூக்கவேண்டாம், தானே ஏறும். இடிமேகம் அப்படித்தான் பிறக்கிறது. புள்ளிக்கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் விழும் பரப்பைச் சிவப்பாகப் பூசிக் காட்டுவார்கள். பரப்பு பெரிதென்றால் மேகத்துக்குக் கிடைக்கக்கூடிய பலமும் பெரிது.

கிடைக்கக்கூடிய, அவ்வளவுதான். கோடையில் எங்கள் பக்கம் பல நாள் அந்தச் சிவப்புப் பரப்புக்குக் கீழே ஒரு நீலப் பட்டை இருக்கும். காய்ந்த சூடான காற்று ஓர் அடுக்காகப் படுத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். கீழிருந்து ஏறும் காற்று அதில் முட்டி நின்றுவிடும். அதைத்தான் நாங்கள் மூடி என்கிறோம். மூடி உடையாவிட்டால் மேலே எவ்வளவு பலம் இருந்தும் பயனில்லை. பொழுதுசாயும் வரை புழுங்கிவிட்டு, வானம் ஒன்றும் நடக்காததுபோல வெளுத்துவிடும்.

கொழுந்தன் முதலில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு வீட்டுமனை விற்பவர்களுக்கு விளம்பரம் எடுத்தான். ஒரு மழைக்காலத்தில் பாலத்துக்கடியில் தண்ணீரில் மாட்டிக்கொண்ட பஸ்ஸை எடுத்துப் போட்டான், அதை ஊரே பார்த்தது. அன்றிலிருந்து அவன் வானிலைக்காரன். அதுவரை மழைக்கும் அவனுக்கும் குடையைத் தவிர வேறு சம்பந்தம் இருந்ததில்லை.

"நீங்க நம்ம சனங்களுக்குப் புரியற மாதிரி சொன்னாப் போதுமுங்க அண்ணி. நல்ல காரியமுங்க," என்றான். அப்படித்தான் நானும் நினைத்தேன். மழை வரும், வராது என்று கிளி ஜோசியம்போலச் சொல்லாமல், ஏன் என்று காட்டினால் நல்லதுதானே. முதல் சில வீடியோக்களில் நான் பேசியது பேசியபடியே வந்தது. பேக்கரியில் டீ குடிக்கும்போது இரண்டொருவர் வந்து சந்தேகம் கேட்டார்கள். எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள் விளக்கும் காமிராவுமாக வந்தான். அன்றைய படத்தில் சிவப்புப் பரப்பு வழக்கத்தைவிடப் பெரிது. நீலப் பட்டையும் நன்றாகத் தடித்திருந்தது. சொல்லிக்கொடுக்க ஏற்ற நாள். நான் திரையைத் தொட்டுக் காட்டிப் பேசினேன். "இவ்வளவு பெரிய பலம் மேல இருக்குது பாருங்க. இது உடைஞ்சு வந்தா கோவை, திருப்பூர் மாவட்டம் முழுக்க ஆலங்கட்டி, பேய்க்காத்து, பெருமழை எல்லாம் வரலாம். ஆனா இன்னைக்கு வராது. கீழ இருக்கற இந்த நீலப் பட்டைதான் காரணம்." பிறகு மூடியைப் பற்றி விரிவாகச் சொன்னேன். கொழுந்தன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். "அருமைங்க அண்ணி," என்று விளக்கை மடக்கிக்கொண்டு போனான்.

காற்று சீசன் நெருங்கிவிட்டதால் அலுவலகத்தில் வேலை குவிந்தது. அவன் அதை என்ன செய்தான் என்று நான் பார்க்கவில்லை.

பார்த்தது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கண் மருத்துவமனையில். மாமியாருக்குக் கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்திருந்தார்கள். எதிர் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். வெயிலில் நிற்கிறவரின் கறுத்த முகம், கையில் துணிப்பை. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நீங்கதானுங்களே அந்த மழைச் சேதியில வாறவிங்க?"

"ஆமாங்க."

"எனக்குக் காங்கேயம் தாண்டி அக்கட்டாலைங்க. பருப்புக் களம் வெச்சிருக்கறேன்." பருப்பு என்று அங்கே சொல்வது கொப்பரையை. தேங்காயை உடைத்துச் சிமெண்ட் களத்தில் வெயிலில் உலர்த்தி எண்ணெய் ஆலைக்கு விற்பார்கள். "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க படுதாவை இழுத்து மூடினோம். அரைக் காய்ச்சல் பருப்புங்க. வாரம் முச்சூடும் மூடியே கெடந்துச்சு. ஒரு சொட்டு உழுகலீங்க. தொறந்து பாத்தா அத்தனையும் பூசணம் பூத்துப்போச்சு."

கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ங்க' போட்டு, பஸ் வரும் நேரத்தை விசாரிக்கிற குரலில் கேட்டார். நான் மழை வராது என்றுதானே சொன்னேன் என்றேன். அவர் பையிலிருந்து போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டார்.

என் முகம். என் விரல். சிவப்புப் பரப்பு இன்னும் அடர்த்தியாகப் பூசப்பட்டு, துடிக்கிறமாதிரி செய்திருந்தார்கள். "இவ்வளவு பெரிய பலம் மேல இருக்குது பாருங்க," என்றேன் நான். "ஆலங்கட்டி, பேய்க்காத்து, பெருமழை எல்லாம் வரலாம்," என்றேன். இடிச் சத்தம். முடிந்தது. 'ஆனா' என்ற சொல்லுக்கு வாய் திறக்கும் இடத்திலேயே வெட்டியிருந்தார்கள். என் உதடு பாதி திறந்தபடி உறைந்து நின்றது. மேலே பெரிய எழுத்தில், 'இன்றிரவு மேகவெடிப்பு: கொங்கு மண்டலமே உஷார்.'

அந்தம்மா விரலால் தள்ளினார். மறுநாளும் அதே நான், அதே விரல், அதே இன்றிரவு. அதற்கு மறுநாளும். சேலை மட்டும் வேறு நிறம். அதைக்கூட யாரோ கணினியில் மாற்றியிருந்தார்கள்.

யாரோ என் வாயைத் திறந்து, அவர்களுக்கு வேண்டிய சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிட்டமாதிரி ஓர் அருவருப்பு. நான் பேசியதில் வெட்டியதைச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. "ஒருக்கா வந்து பாத்துப்போட்டுப் போங்க," என்று களத்துக்கு வழியும் போன் நம்பரும் கொடுத்துவிட்டு, அவர் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனார்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

காங்கேயம் போகும் வழி முழுக்கக் காய்ந்த கொப்பரை வாசனை இருக்கும், எனக்கு அது பிடிக்கும். அந்தக் களத்தின் வாசலில் வேறு ஒன்று இருந்தது. பல வருஷம் தலையெண்ணெய் ஊறிய தலையணை உறையை ஈரத்தோடு சுருட்டி வைத்து, பிரித்தால் எப்படி இருக்கும், அப்படி. மூக்கில் ஏறி, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. குவியல்மேல் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். ஓரத்தில் மஞ்சளாகப் பொடி பூத்திருந்தது. ஒரு பருப்பைக் கையில் எடுத்தேன், வழுக்கியது. விரலைச் சேலையில் துடைத்தேன், வாசனை போகவில்லை. பெண்கள் சிலர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தேறுவதை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ராத்திரிக்கு ராத்திரி வருமுன்னு போட்டா, எப்படிங்க தொறக்கறது?" என்றார் களத்துக்கார அம்மா. "பகல்ல ஒரு பக்கம் தூக்கிவிட்டோம். பத்தலீங்க. உள்ளயே வேர்த்துப்போச்சு."

நான் அங்கே இருக்கும்போதே கொப்பரை வாங்கும் ஏவாரி ஒருவன் பைக்கில் வந்து இறங்கினான். குவியலை ஒரு காலால் புரட்டிப் பார்த்தான். கந்தகம் போட்டால் வெளுத்துவிடும், எண்ணெய்க்குத் தள்ளிவிடலாம், தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அந்தம்மா, "அந்த எண்ணெயில உங்க ஊட்ல பணியாரம் சுடுவீங்களா?" என்று கேட்டார். அவன் சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று போனான். அவன் செருப்பில் ஒட்டிய பூசணத்தை வாசற்படியில் தேய்த்துவிட்டுப் போனதுதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது.

எனக்குச் சும்மா நிற்க முடியவில்லை. தேங்காய்த் தொட்டி, அதாவது கொட்டாங்குச்சி, சுட்ட கரி ஒரு மூலையில் கிடந்தது. ஒரு துண்டை எடுத்து, காலியாக இருந்த சிமெண்ட் தரையில் உட்கார்ந்து அன்றைய படத்தை வரைந்தேன். கீழே தரை. சூட்டுக் கோடு. ஈரக் கோடு. தூக்கிய காற்றின் கோடு. பலம் இருக்கும் இடம். அதற்குக் கீழே மூடி. பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களும் வந்து சுற்றி நின்றார்கள்.

"இந்தக் கீழ இருக்கறதை அவிய காட்டவே இல்லீங்களா?" என்று அந்தம்மா கேட்டார்.

"காட்டினேங்க. அதை வெட்டிப்போட்டாங்க."

"வெட்டினது யாருங்க?"

"என் கொழுந்தன்."

அவர் குனிந்து கோடுகளைப் பார்த்தார். "உறமுறைதானுங்களா," என்றார். உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்தார். அந்த நாற்றத்தின் நடுவில் அதை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. ஆனால் குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வழக்கம்போலச் சாப்பிட வந்தான். கோழிக்குழம்பு. அவன் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டபோது நான் கேட்டேன்.

"நான் மழை வராதுன்னு சொன்னதை ஏன் தம்பி வெட்டினீங்க?"

"அண்ணி, அதுல இருக்கறது எல்லாம் நீங்க சொன்ன வார்த்தைதானுங்க. ஒண்ணுகூட நான் சேக்கலீங்க."

"எடுத்ததைக் கேக்கறேன்."

"நீளமா இருந்தா யாரும் பாக்கமாட்டாங்க அண்ணி. வராதுன்னு சொல்றதுக்கு எதுக்குங்க வீடியோ?" எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "நாலு பேர் உஷாரா இருந்தா நல்லதுதானுங்களே."

என் கணவர், "சாப்பிடற நேரத்துல எதுக்கு இதெல்லாம்," என்றார். அவர் சண்டை பிடிக்காதவர். கல்யாணமான புதிதில் அதை நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் தட்டில் குழம்பை நிதானமாகப் பிசைவதைப் பார்க்கும்போது, மேசையைப் பிடித்துக் கவிழ்க்கலாமா என்று இருந்தது.

மாமியார்தான் வாயைத் திறந்தார். "அந்தக் காங்கேயத்தம்மா கண்ணுல தண்ணி நின்னுச்சு சாமி. எனக்கு மருந்து உட்டு எல்லாம் மங்கலாத்தான் தெரிஞ்சுது. ஆனாலும் பாத்தேன்."

கொழுந்தன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். சரிங்க அண்ணி, தப்புத்தான், நேரில் போய் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம், நாளைக்கே போகலாம் என்றான். இவ்வளவு சுலபமாக இறங்கி வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவன் காரில்தான் போனோம். பின்சீட்டில் காமிராப் பை இருந்ததைப் பார்த்தேன். தொழில் செய்கிறவன், எப்போதும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். களத்தில் இறங்கியதும் கைகூப்பினான். "அக்கா, மன்னிச்சுக்கங்க," என்றான். அந்தம்மா, "உக்காருங்க தம்பி," என்று நாற்காலி எடுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை. பையைத் திறந்தான்.

"அக்கா, உங்க கஷ்டம் வெளிய தெரியணுமுங்க. அந்தக் குவியலுக்குப் பக்கத்துல உக்காந்து ரெண்டு பருப்பைக் கையில எடுங்க. மூஞ்சிய இப்படித் திருப்புங்க."

"எதுக்குங்க தம்பி?"

"அரசாங்கம் பாக்கும். ஏதாச்சும் நட்டஈடு கெடைக்குமுங்க."

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்குள் அவன் பறக்கும் காமிராவை மேலே ஏற்றியிருந்தான். அது குவியலுக்கு மேலே ஈயைப்போல ரீங்காரமிட்டுச் சுற்றியது. பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

"மழையே பெய்யலீங்களே தம்பி," என்றார் அந்தம்மா. "மழை பெஞ்சு கெட்டதுன்னு நெனைக்கமாட்டாங்களா?"

"அது பரவாயில்லீங்க அக்கா."

இதைச் சொல்லிக்கொண்டே அவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். குடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். மடித்து வைத்திருந்த படுதாவின்மேல் நிதானமாக ஊற்றினான். தண்ணீர் பள்ளத்தில் தேங்கி வெயிலில் பளபளத்தது. இன்னும் கொஞ்சம் குவியலின் ஓரத்தில் தெளித்தான். பிறகு குனிந்து, காமிராவை அந்த ஈரத்துக்குக் கிட்டே கொண்டுபோனான்.

நான் வாழ்க்கையில் பல அசிங்கங்களைப் பார்த்திருக்கிறேன். அடைத்துக்கொண்ட சாக்கடை, ஆஸ்பத்திரி வாளி, பிள்ளைகளின் வாந்தி. எதுவும் அப்படிக் குமட்டியதில்லை. அவன் முகத்தில் துளிக் கள்ளம்கூட இல்லை. வேலையில் கருத்தாக இருக்கிற ஒருவனின் முகம். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

அந்தம்மா போய் அவன் கையிலிருந்த பாட்டிலை வாங்கினார். மூடியைத் திருகினார். "களத்துல தண்ணி படக்கூடாதுங்க தம்பி," என்றார். "பொறப்படுங்க."

"அக்கா, ஒரே நிமிசமுங்க—"

"பொறப்படுங்க தம்பி. பொழுதாவுது."

குரல் உயரவே இல்லை. ஆனால் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அவன் காமிராவை இறக்கி, பையைக் கட்டி, காரில் ஏறி, என்னைப் பார்த்து, "வாங்க அண்ணி," என்றான். நான் வரவில்லை என்றேன். பெண்களோடு சேர்ந்து சாயங்காலம் வரை பருப்புப் பொறுக்கிவிட்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கொஞ்ச நேரத்தில் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். என்மேல் அவ்வளவு நாற்றம்.

வீடியோ மறுநாள் வந்துவிட்டது. மேலிருந்து எடுத்த களம், முகத்தை மூடிய பெண்கள், பளபளக்கும் தண்ணீர். 'கனமழையில் அழுகிய கொப்பரை.' கீழே ஆயிரம் பேர் அழுமுகப் பொம்மை போட்டிருந்தார்கள். அங்கே மழையே பெய்யவில்லை என்று நான் எழுதினேன். சற்று நேரத்தில் அதை அழித்துவிட்டான். திரும்ப எழுதினேன். திரும்ப அழித்தான்.

ராத்திரி போனைக் கணவரிடம் நீட்டினேன். "இந்தத் தண்ணி எங்கிருந்து வந்ததுன்னு தெரியுமா?" என்று கேட்டு, பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். அவர் வீடியோவை நிறுத்தி, பின்னால் தள்ளி, திரும்பப் பார்த்தார். பிறகு எழுந்து பால்கனிக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டார். "அந்த அண்ணி வீடியோ, இந்தக் கொப்பரை வீடியோ, எல்லாத்தையும் எடுத்துப்போடு. எடுத்துப்போட்டு எனக்குக் கூப்பிடு. அதுவரைக்கும் இந்த ஊட்டுக்கு வராதே." அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. உள்ளே வந்து படுத்துக்கொண்டார். அவர்மேல் இருந்த கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

வீடியோக்களை எடுத்துவிட்டான். அதற்குள் வேறு பலர் பிரதி எடுத்துப் போட்டிருந்தார்கள். என் பாதி திறந்த வாய் இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. ஈரோட்டிலிருந்து ஓர் உறவுக்காரர் எனக்கே அனுப்பி, ஜாக்கிரதையாக இரும்மா என்று எழுதியிருந்தார்.

நான் இல்லாமலும் சேனல் நடந்தது. அந்தப் படம் மட்டும் அவனுக்கு வேண்டியிருந்தது. பின்னால் கோடுகள் ஓடினால் விஞ்ஞானம்போல இருக்கும் அல்லவா. இணையத்தில் எங்கிருந்தோ ஒன்றை எடுத்து, 'இன்றைய கோவை' என்று போட்டிருந்தான். சிவப்புக் கோட்டின் அடியைப் பார்த்தேன். தரையிலேயே சூடு பூஜ்யத்துக்குக் கீழே. ஏதோ பனி கொட்டும் தேசத்தின் வானம் அது. வெளியே தார்ச் சாலை உருகும் வெயிலில் அதைக் காட்டி ஒருவன் அடைமழை எச்சரிக்கை வாசிக்கிறான், அதற்கும் ஆயிரக்கணக்கில் நன்றி சொல்கிறார்கள். அன்றோடு அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

களத்துக்கார அம்மா ஒரு நாள் போன் செய்து, பக்கத்துக் களத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருப்பதாகவும், காலையில் இரண்டு வார்த்தை சொன்னால் உதவியாக இருக்கும் என்றும் கேட்டார். ஆபீசில் கேட்டேன், ஆட்சேபம் இல்லை என்றார்கள். அன்றிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்புமுன் படத்தைப் பார்த்துவிட்டு, பேசி அனுப்புகிறேன். மூடி எவ்வளவு தடிமன், எப்போது மெலியும், ஈரம் எந்த உயரம் வரை. முதல் வாரமே ஒருவர் பதில் போட்டார்: "வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க மேடம்." எனக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு கேள்வியில்தான் என் கொழுந்தன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். தெரியாத இடத்தில் தெரியாது என்றுதான் சொல்வேன், அது பிடிக்காதவர்கள் கேட்கவேண்டாம் என்று பதில் அனுப்பினேன். இரண்டு மூன்று பேர் குழுவைவிட்டுப் போனார்கள்.

வைகாசியில் ஒரு நாள் படம் மாறியிருந்தது. நீலப் பட்டை நூல்போல மெலிந்து, கீழே இரண்டு கோடும் நெருங்கியிருந்தன. நடு உயரத்தில் மட்டும் கோடுகள் விலகி நின்றன. அங்கே காய்ந்த காற்று. மழைத்துளி அந்தக் காற்றில் விழுந்து ஆவியாகும்போது காற்று சட்டென்று குளிர்ந்து, கனத்து, தரையை நோக்கிக் கொட்டும். "இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல மூடி உடையலாமுங்க," என்று பேசினேன். "உடைஞ்சா முதல்ல காத்து அடிக்கும், பலமா. மழை அப்புறம். உங்க ஊர் மேலயே உழுகுமான்னு எனக்குத் தெரியாது. படுதாவுக்குக் கல்லு நிறைய வையுங்க."

பொழுதுசாயும் நேரத்தில் அந்தம்மா கூப்பிட்டார். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"காத்துதானுங்க முதல்ல வந்துச்சு. ஒரு படுதா ரோட்டுக்கே போயிருச்சு. அந்த மூலை நனைஞ்சுபோச்சு. மத்ததெல்லாம் இருக்குதுங்க."

"பக்கத்துக் களம்?"

"அவிய மூடலீங்க. தெனமும் வருது வருதுன்னு கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சுன்னாங்க. நீங்க சொன்னதையும் அந்தக் கணக்குலதான் சேத்துப்போட்டாங்க." பின்னால் யாரையோ கூப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தார். "எங்க ஆளுகளை அங்கதானுங்க அனுப்பியிருக்கறேன், வாரிக் கட்ட."

சரியாகச் சொன்னோம் என்ற சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஓர் ஊர் முழுக்க மழையை நம்பாமல் செய்ய ஒரே ஒருவனால் முடிந்திருக்கிறது, அதுவும் என் முகத்தை வைத்து. நனைந்த அந்தக் களம் இன்னும் சில நாளில் எப்படி நாறும் என்று எனக்கு இப்போது தெரியும்.

கொழுந்தன் ஆடி மாதம் வீட்டுக்கு வந்தான். மழைக்கு இப்போது போட்டி அதிகமாகிவிட்டதாம். தங்கம் விலை ஏறுமா இறங்குமா என்று சொல்லும் சேனல் ஆரம்பிக்கப்போகிறானாம். "அதுலயும் கோடுதானுங்க அண்ணி, மேல போகும், கீழ வரும்," என்றான், எதுவுமே நடக்காததுபோல. கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.